ஓரம் அண்ணனும் ஒட்டு இடைவெளியும்

உலகத்தில் நடக்கும் விபத்துகளில் பாதி, ஒரு வரி எந்த இடத்தில் முடிகிறது என்று யாரும் பார்க்காததால்தான் நடக்கின்றன என்று மனமார நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஓரம் அண்ணன்தான். மீதிப் பாதிக்கு என்ன காரணம் என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுக்கும் அதுதேன் தாயி. நமக்கு இன்னும் தகவல் வரல, அம்புட்டுத்தேன்" என்றார்.

யார் எதைக் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது, "ஓரத்தைப் பாத்தியா?" என்பதுதான். பதிவைக் காட்டினாலும் கேட்பார், கல்யாணப் பத்திரிகையைக் காட்டினாலும் கேட்பார். அதனால் பெயர் ஓரம். வயது நாற்பத்தெட்டு இருக்கும். எப்போதும் எங்கேயோ அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டவரைப் போன்ற முகம்.

நாங்கள் வேலை பார்த்தது திண்டுக்கல் நாகல்நகரில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில். மொத்தம் ஏழு பேர். தோட்டத்து மோட்டாரைக் கைப்பேசியிலிருந்தே இயக்கும் ஒரு பெட்டியைச் செய்து விற்றோம். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். அந்த எண்ணுக்கு ON 2 என்று மெசேஜ் அனுப்பினால் இரண்டாவது மோட்டார் ஓடும். OFF 2 என்றால் நிற்கும். RUN 2 30 என்றால் முப்பது நிமிடம் ஓடிவிட்டுத் தானாக நிற்கும். விவசாயிகளின் போன்களை எடுத்துப் பேசுவது ஓரம் அண்ணனின் வேலை. பெட்டியைப் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு விவசாயிகள் செயலியில் பதிவுகள் எழுதிப் போடுவது என் வேலை.

அந்தச் செயலியில் ஒரு வசதி உண்டு. வாக்கியத்தின் நடுவில் வரும் கட்டளையை மட்டும் சாம்பல் நிறக் கட்டத்துக்குள் தனித்துக் காட்டலாம். கட்டத்தை விரலால் தொட்டால் கட்டளை மட்டும் காப்பி ஆகும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வரி முடியும் இடத்தில் கட்டளை வந்து மாட்டிக்கொண்டால், கட்டம் இரண்டாக உடையும். ஒரு துண்டு இந்த வரியின் ஓரத்தில், இன்னொரு துண்டு அடுத்த வரியின் தொடக்கத்தில்.

நான் சேர்வதற்கு முன் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு தோட்டக்காரருக்கு அப்படித்தான் RUN 2 ஒரு கட்டத்திலும் 30 இன்னொரு கட்டத்திலும் தெரிந்திருக்கிறது. அவர் பார்த்துப் பார்த்து அடித்து, இரண்டு மெசேஜாக அனுப்பிவிட்டார். முதலாவதைப் படித்த பெட்டி மோட்டாரை ஓட விட்டது. இரண்டாவதாக வந்த வெறும் முப்பதை என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. கிணறு வற்றி, தண்ணீரில்லாமல் ஓடி, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் எரிந்தது.

அந்தப் போனை எடுத்தவர் ஓரம் அண்ணன். "ரெண்டு கட்டமா இருந்துச்சு, ரெண்டு மெசேஜா அனுப்புனேன். இதுல என் தப்பு என்ன அப்பு?" என்று தோட்டக்காரர் கேட்டாராம். அன்றிலிருந்து அண்ணன் வரிகளை நம்புவதை விட்டுவிட்டார்.

நான் வேலையில் சேர்ந்த முதல் நாள். பதிவை எழுதி முடித்து, வெளியிடும் பொத்தானில் விரலை வைத்தேன். "செத்த நேரம் இரு தாயி" என்று பின்னாலிருந்து குரல். அண்ணன் ஒரு தலையணை உறையுடன் நின்றார். அதை மேசையில் கவிழ்த்தார். உள்ளிருந்து பதினொரு பழைய கைப்பேசிகள் விழுந்தன. கண்ணாடி உடைந்தது, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது, ஓரத்தில் பச்சைக் கோடு விழுந்தது, சார்ஜர் செருகியிருந்தால் மட்டும் உயிரோடிருப்பது. எல்லாவற்றிலும் என் பதிவைத் திறந்தார்.

"எழுத்தப் பெருசு பண்ணு."

பண்ணினேன்.

"இன்னும்."

"அண்ணே, இதுக்கு மேல பண்ணுனா ஒரு வரிக்கு மூணு வார்த்தைதான் வரும்."

"நம்ம ஆளுக அப்படித்தேன் வச்சிருக்காக. கண்ணாடிய வீட்டுல வச்சிட்டுத் தோட்டத்துக்குப் போறவுக."

ஏழாவது போனில் OFF 2 உடைந்தது. அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு தம் வைத்தியத்தைச் சொன்னார்: கட்டளைக்கு முன்னால் ஒரு வார்த்தையைச் சேர்த்துவிடு, கட்டளை அப்படியே அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும். நான் 'தயவுசெய்து' என்று சேர்த்தேன். ஏழாவது சரியானது, மூன்றாவதில் உடைந்தது. 'அன்பான' சேர்த்தோம். மூன்றாவது சரியானது, பத்தாவது உடைந்தது. 'இரண்டாவது மோட்டாரை நிறுத்த OFF 2 என்று அனுப்பவும்' என்ற வாக்கியம் அன்று மாலை இப்படி வெளியானது: 'உங்கள் அன்பான இரண்டாவது மோட்டாரைத் தயவுசெய்து சற்று நிறுத்தி வைக்க OFF 2 என்று மறவாமல் அனுப்பவும்.'

மறுநாள் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "ஏனுங்க, அன்பான மோட்டாருன்னு புதுசா ஒண்ணு விட்டிருக்கீங்களாட்ட. நம்மகிட்ட இருக்கறது சாதா மோட்டாருங்க. அதுக்கும் இதே மெசேஜ்தானுங்களா?"

அலுவலகத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அண்ணனுக்கு எதுவும் பாதியில் பிரிந்துவிடக் கூடாது. மளிகைச் சீட்டில் துவரம்பருப்பு ஒரு வரியிலும் ஒரு கிலோ அடுத்த வரியிலும் இருந்தால் கடைக்காரரிடம் கொடுக்க மாட்டார், திரும்ப எழுதுவார். "எங்க கல்யாணத்துல மணவறைய விட்டு எந்திரிக்கவே விடல. சேந்து எந்திரிக்கணும், சேந்து எந்திரிக்கணும்னு என் கைய இறுக்கிப் பிடிச்சு, வளையல் ரெண்டு உடைஞ்சதுதேன் மிச்சம்" என்று அண்ணனின் மனைவி, எங்கள் மதினி, ஒருமுறை என்னிடம் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் பஸ் நிலையத்தில் அண்ணனை நானே பார்த்தேன். பழனி பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. ஒரு பெண் உள்ளே ஏறிவிட்டார், பின்னால் வந்த ஆள் கீழே நின்றார். அண்ணன் படியில் தொற்றிக்கொண்டு, "ஏலே, விசிலடிக்காத! பாதி உள்ள போயிருச்சு, பாதி வெளிய நிக்குது" என்று கண்டக்டரை மறித்தார். கூட்டத்தைப் பிளந்து அந்த ஆளை உள்ளே திணித்து, அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே உட்காரவும் வைத்துவிட்டார். அந்தப் பெண் எழுந்து, "யாருய்யா இந்தாளு? இவன எதுக்கு எம்பக்கத்துல உக்கார வைக்கிற?" என்று சத்தம் போட்ட பிறகுதான், இருவரும் முன்பின் பார்த்தே இராதவர்கள் என்று தெரிந்தது. அந்த ஆள் போகவேண்டியது பழனிக்கே இல்லையாம், வத்தலக்குண்டுக்காம்.

சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆனால் பயம் தொற்றுகிற பொருள் என்பதை நான் மெதுவாகத்தான் தெரிந்துகொண்டேன். எதையும் பட்டியலாக எழுதிப் பார்ப்பது என் வழக்கம். நான்கு மாதம் கழித்து என் குறிப்பேட்டில் இருந்தது இது. ஒன்று, பதிவு வெளியிடும் நாட்களில் காலைச் சாப்பாடு இறங்குவதில்லை. இரண்டு, மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர் மடங்கி வந்தால் மறுபடி மறுபடி படிக்கிறேன். மூன்று, எங்கோ ஒரு மோட்டார் வெறுமனே ஓடிக்கொண்டிருப்பது போலக் காதில் ஒரு சத்தம்.

இதை முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். நான் கணினி படித்தவள். இது எங்கள் சொந்த இணையதளமாக இருந்தால், கட்டத்தை உடைக்காதே என்று ஒரே ஒரு வரி எழுதி அத்தனை பதிவையும் சரிசெய்திருப்பேன். ஆனால் செயலி வேறொருவருடையது, அதற்குள் என் கை நீளாது. ஆகவே வேறு வழி பிடித்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கணினிக்கு வெற்றிடத்தில் இரண்டு சாதி உண்டு. நாம் அன்றாடம் தட்டும் சாதாரண இடைவெளி ஒன்று. வரி அந்த இடத்தில் மடங்கலாம். இன்னொன்று, இரு பக்கத்து எழுத்தையும் பிடித்துவைத்திருக்கும் இடைவெளி. அங்கே வரி மடங்காது. நான் அதற்கு ஒட்டு இடைவெளி என்று பெயர் வைத்திருந்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், வெறும் வெள்ளை.

எங்களுடைய நாற்பத்தேழு பதிவுகளிலும், கட்டளைகளுக்குள் இருந்த சாதாரண இடைவெளிகளை எடுத்துவிட்டு ஒட்டு இடைவெளியைப் போட்டேன். ஒரு பிற்பகல் வேலை. அன்பான, தயவுசெய்து, மறவாமல் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். அப்பாடா என்றிருந்தது.

அண்ணன் பதினொரு போனையும் பரப்பினார். எழுத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், போனைப் படுக்கவைத்துப் பார்த்தார். ஒன்றிலும் உடையவில்லை. கட்டளைகளைக் கண்ணால் பார்த்துத் தம் கையால் அடித்து, மேசையில் இருந்த மாதிரிப் பெட்டிக்கு அனுப்பினார். அந்தப் பெட்டியில் மோட்டாருக்குப் பதில் ஒரு குண்டு பல்பு மாட்டியிருப்போம். ON என்றால் எரிந்தது, OFF என்றால் அணைந்தது.

"எல்லாம் சரியாத்தேன் இருக்கு" என்றார். முகம் மட்டும் சரியாக இல்லை. "என்னத்தப் போட்டு ஒட்டுன?"

"ஒரு பசை மாதிரிண்ணே."

"பசைன்னா வேற எதுலயும் ஒட்டிக்கிறாதா?"

"அண்ணே, இது கணினி. அப்படியெல்லாம் நடக்காது" என்றேன்.

நான்காவது நாள் காலை, மணி ஒன்பது ஐம்பது. அண்ணன் போனை எடுத்தார், ஸ்பீக்கரில் போட்டார். பஸ் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல்.

"ஓரந்தம்பியா? எரியோட்டுப் பேச்சியம்மா பேசுறேன். மோட்டாரு நிக்க மாட்டேங்குதுப்பா!"

பேச்சியம்மா அக்கா எங்கள் பெட்டியை முதலில் வாங்கியவர்களில் ஒருவர். எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் கத்தரி போட்டிருந்தார். போருக்குள், அதாவது ஆழ்துளைக் கிணற்றுக்குள், அறுநூறு அடியில் மோட்டார், பெட்டியில் அதற்கு இரண்டாம் எண். கோடையில் அந்தப் போர் சரியாக இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் கொடுக்கும். அதற்கு மேல் ஓடினால் மோட்டார் வெறுமனே சுற்றிச் சூடேறி எரிந்துவிடும். எட்டு மணிக்குத் தோட்டத்தில் கையாலேயே சுவிட்சைத் தட்டி மோட்டாரைப் போட்டுவிட்டு, குடும்பத்தோடு பழனிக்குப் பஸ் ஏறியிருக்கிறார். பத்து மணிக்குப் பஸ்ஸிலிருந்தே நிறுத்திக்கொள்ளலாம் என்ற தைரியம். அந்தத் தைரியத்தை அவருக்குக் கொடுத்ததே எங்கள் பெட்டிதான்.

"என்ன மெசேஜ்க்கா அனுப்புனீங்க?"

"எப்பவும் போலத்தேன். உங்க பதிவத் தொறந்தேன், அந்தச் சாம்பக் கட்டத்தத் தொட்டேன், கொண்டுபோய் ஒட்டுனேன், அனுப்புனேன். தப்பான கட்டளைன்னு பதில் வருது. மூணு தடவ அனுப்பிட்டேன். போன வாரம் வரைக்கும் நல்லாத்தேனப்பா நின்னுச்சு?"

போன வாரம் வரைக்கும். அதற்குப் பிறகுதான் நான் பதிவுகளை மாற்றியிருந்தேன்.

"தோட்டத்துல யாரு இருக்கா?" என்று அண்ணன் கேட்டார்.

"நாயி இருக்கு."

"வேற?"

"வேற எதுக்கு? அது நல்லாக் கடிக்கும். ஒருத்தர் கிட்ட வர முடியாது."

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். திண்டுக்கல்லிலிருந்து எரியோட்டுக்கு வண்டியை எவ்வளவு விரட்டினாலும் அரை மணி நேரத்துக்கு மேல். பிறகு நாய். எங்கள் போனிலிருந்து நிறுத்தவும் வழியில்லை, பதிந்து வைத்த எண்ணிலிருந்து வந்தால்தான் பெட்டி கேட்கும்.

நான் என் கைப்பேசியை எடுத்தேன். மாதிரிப் பெட்டிக்கு ON 2 என்று கையால் அடித்து அனுப்பினேன். பல்பு எரிந்தது. பதிவைத் திறந்து, OFF 2 கட்டத்தைத் தொட்டுக் காப்பி செய்து அனுப்பினேன். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. மறுபடி அனுப்பினேன். எரிந்தது. அப்போதுதான் முழுதும் விளங்கியது. கட்டத்தோடு சேர்ந்து என் ஒட்டு இடைவெளியும் காப்பி ஆகிறது. கண்ணுக்கு அது வெற்றிடம். பெட்டிக்கோ அது முன்பின் தெரியாத ஒரு எழுத்து. பார்த்து அடிப்பவர்களைக் காப்பாற்றப் போய், தொட்டு ஒட்டுபவர்களைத் தள்ளிவிட்டிருக்கிறேன். எங்கள் ஆட்கள் தொட்டு ஒட்ட மாட்டார்கள் என்று அண்ணன் நம்பியதால் அவர் அதைச் சோதிக்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

"அண்ணே, அடிக்கச் சொல்லுங்க. காப்பி பண்ண வேண்டாம், கையால அடிக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "அக்கா, மெசேஜ நீங்களே அடிங்க."

"எனக்கு இங்கிலீசு எழுத்தே தெரியாதேப்பா!"

"பக்கத்துல யாராச்சும் படிச்சவுக இருக்காகளா? அவுககிட்ட போனக் குடுங்க."

ஒரு ஆண் குரல் நடுவில் நுழைந்தது. "ஏனுங்க, நான் வேணும்னா அடிச்சுத் தரட்டுங்களா?"

"அதெல்லாம் வேணாம். ஊரு பேரு தெரியாத ஆளுகிட்ட போன எப்படிக் குடுக்குறது? என் மோட்டார நாந்தேன் நிப்பாட்டுவேன்" என்றார் அக்கா.

மணி ஒன்பது ஐம்பத்தாறு.

அண்ணன் எழுந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். "அக்கா, எழுத்து அடிக்கிற எடத்துல கீழ உலக உருண்ட மாதிரி ஒரு படம் இருக்கும். அத அமுக்குங்க. இங்கிலீசு வந்துச்சா? இப்ப முழு வட்டமா ஒண்ணு தேடுங்க."

"ரெண்டு வட்டம் இருக்குப்பா. ஒண்ணுக்கு வாலு இருக்கு."

"வாலில்லாதது! வாலில்லாதத அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்."

"அடுத்தது, செவுத்துல ரெண்டு ஆணி அடிச்சாப்புல ஒரு எழுத்து. ரெண்டு ஆணியும் ஒரே பக்கம்."

"மூணு ஆணி இருக்கே?"

"அது வேற ஆளுக்கா! அத விட்ருங்க! ரெண்டு ஆணி!"

பஸ் முழுக்கத் தேட ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன். 'அந்தா இருக்கு', 'அது இல்லத்தா', 'நடு வரிசையில பாருங்க' என்று பல குரல்கள். யாரோ ஒரு பெரியவர் முருகனைக் கூப்பிட்டார். கடைசியில் அக்கா கத்தினார்: "கண்டுபிடிச்சிட்டேன்!"

"அதையே ரெண்டு தடவ அமுக்குங்க. இப்ப கீழ நீளமா ஒரு கட்ட இருக்கும், அத ஒரு தடவ. ஒரே ஒரு தடவ. இப்ப, அக்கா, ரெண்டுன்னு..."

போன் துண்டித்துக்கொண்டது.

எண் இல்லாவிட்டால் பெட்டி அசையாது. அண்ணன் மறுபடி கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. வெளியே. அக்காவின் விரல் அந்தக் கடைசி எழுத்துக்குப் போனதா, அங்கேயே நின்றுவிட்டதா, எங்களுக்குத் தெரியாது. பெட்டி பதில் அனுப்புவதும் அக்காவுக்குத்தான், எங்களுக்கு இல்லை. பத்து மணி ஆனது. பத்தே கால் ஆனது. மேசையில் அந்தப் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. அணைக்க யாருக்கும் கை வரவில்லை.

"அண்ணே, தப்பு என்னோடது" என்றேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். ஒன்று, என்ன மாற்றினேன். இரண்டு, எதைச் சோதிக்கவில்லை. மூன்று, நாற்பத்தேழு பதிவிலும் இதே கதை, இந்நேரம் இன்னும் எத்தனை தோட்டத்தில் மோட்டார் நிற்காமல் ஓடுகிறதோ தெரியாது.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்றாவதைக் கேட்டதும் அவர் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் போய்விட்டது. தம் தடித்த நோட்டை இழுத்துப் பிரித்தார். "நீ பதிவ மாத்து. நான் கூப்பிடுறேன்" என்றார்.

அடுத்த ஒரு மணி நேரம் அதே வேலைதான். நான் ஒவ்வொரு பதிவாகத் திறந்து, பழைய இடைவெளியைத் திரும்பப் போட்டேன். அவர் நோட்டிலிருந்த ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டார். "மோட்டாரு ஓடுதா? நிப்பாட்ட முடியுதா? தொட்டு ஒட்டாதீங்க, கையால அடிங்க." இரண்டு எண்ணுக்கு ஒரு முறை பேச்சியம்மா அக்காவைக் கூப்பிட்டுப் பார்ப்பார். எல்லைக்கு வெளியே.

பதினொன்றே காலுக்கு அக்காவே கூப்பிட்டார். பின்னால் கோயில் கூட்டத்தின் சத்தம்.

"என்ன தம்பி, இருவது தடவ கூப்பிட்டிருக்க? யாருக்கும் ஒடம்புக்கு முடியலயா?"

"மோட்டாரு! அக்கா, மோட்டாரு நின்னுச்சா?"

"அது அப்பவே நின்னுருச்சே. ரெண்ட நானே தேடி அமுக்கி அனுப்பிட்டேன்ல. நின்னுருச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. ஒனக்கு வரலயா?" அவர் மெசேஜைப் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டு, பேரனுக்கு மொட்டை போடப் போய்விட்டாராம்.

"எத்தன மணிக்கு வந்துச்சு, பாருங்க."

"பத்து அஞ்சு."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் அதிகம். ஐந்து நிமிடம் வெறுமனே ஓடினால் மோட்டார் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். மறுநாள் காலையில் அக்கா ஊருக்குத் திரும்பி மோட்டாரைப் போட்டால்தான் தெரியும். கத்தரி பூவெடுக்கிற நேரம். மோட்டார் போயிருந்தால் அறுநூறு அடியிலிருந்து தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்குவதற்குள் செடி காய்ந்துவிடும்.

மறுநாள் ஏழரைக்கே அலுவலகம் போய்விட்டேன். அண்ணன் எனக்கு முன்பே வந்து போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். அக்கா பேசவில்லை. போனைக் குழாய் பக்கத்தில் வைத்துவிட்டார் போல. முதலில் காற்று இருமுகிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம், கொட்டு கொட்டென்று.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏந்தம்பி, நான் ஒண்ணு கேக்கவா?" என்றார் அக்கா. "அந்த மெசேஜ எதுக்கு வாக்கியத்துக்கு நடுவுல ஒளிச்சு வைக்கிறீக? அதுக்குன்னு தனியா ஒரு வரி குடுத்தா ஆகாதா?"

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் படித்த படிப்பு, அவருடைய பதினொரு போன், இத்தனை மாதங்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு கட்டளைக்கு ஒரு தனி வரி கொடுத்தால் அது எந்த ஓரத்திலும் போய் மாட்டாது.

விஷயம் முதலாளி காதுக்கும் போனது. அவர் அதிகம் பேசவில்லை. "என்ன நடந்துச்சுன்னு செயலியில ஒரு பதிவு போடும்மா. மன்னிப்புக் கேட்டு எழுது. யாரு செஞ்சதுன்னு கீழ பேரு இருக்கணும், சும்மா நிறுவனம்னு போடக்கூடாது" என்றார். நியாயம்தான். எழுதினேன். காப்பி செய்த கட்டளைகள் ஏன் வேலை செய்யவில்லை, இப்போது என்ன மாற்றியிருக்கிறோம், எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று மூன்று பத்தி. கடைசியில் என் பெயர்.

அண்ணன் போன்களைப் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினொன்றாவதில் நெடுநேரம் நின்றார்.

"ஓரம் சரியில்ல தாயி."

"அதுல கட்டளையே இல்லண்ணே. என்ன சரியில்ல?"

"உம்பேரு மட்டும் தன்னந்தனியா நிக்குது. நல்லால்ல." மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பக்கத்துல எம்பேரையும் போடு. பாத்துச் சரின்னு சொன்னவன் நாந்தேன?"

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. போட்டேன். இரண்டு பெயருக்கும் நடுவில், அவருக்குச் சொல்லாமல், ஒரு ஒட்டு இடைவெளியையும் வைத்தேன். அதை யாரும் காப்பி செய்து எந்த மோட்டாருக்கும் அனுப்பப் போவதில்லை.